இரண்டாம் டிராம்போனுக்கு

ஜனவரி 11

அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையை ஓரமாக வைத்துவிடாதே. இது சொந்தக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம்.

எங்கள் ஜாஸ் குழுவில் இசைத்தாள் பிரதி எழுதிக்கொண்டிருந்தவர் கண் ஆபரேஷனுக்குப் போனார். இனி திரும்பி வரமாட்டார் போலிருக்கிறது. நான் ஒரு பாட்டைப் பதினான்கு வாத்தியங்களுக்கும் பிரித்து ஒரே பெரிய தாளில் எழுதுகிறேன். அதிலிருந்து அவரவர் வாசிக்க வேண்டியதை மட்டும் தனித்தனித் தாளில் எடுத்து எழுத ஆள் வேண்டும். இங்கே இரண்டு பேரைப் பார்த்தோம். ஒருவன் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "மழையில நனைஞ்சிடுச்சா சார்?" என்று கேட்டான்.

என் கோழிக்கிறுக்கலைப் படிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். நீ நில அளவை அலுவலகத்தில் இருபது வருடமாக வரைபடம் வரைகிறவள், உன் கை கோணாது. சின்ன வயதில் படித்த சுரக்குறிப்பும் மறந்திருக்காது. மேஜரிடம் சொன்னேன், சரி என்றார். மேஜர் என்பது எங்கள் குழுத் தலைவரின் பட்டப்பெயர். எந்தப் பட்டாளத்திலும் இருந்தவர் இல்லை, நடையைப் பார்த்து வைத்த பெயர்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. கடைசியாக நான் வீட்டிலிருந்து கிளம்பியபோது நீ அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அதைப் பற்றி இதில் எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விடுகிறேன். பதில் எழுத மனமில்லாவிட்டால் தாள்களை மட்டும் அனுப்பு.

தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

பதினான்கு தாள்களும் இத்துடன் இருக்கின்றன. நாற்பத்தொன்றாவது தாளக் கட்டத்தில் இரண்டாவது டிரம்பெட்டும் முதல் சாக்ஸபோனும் முட்டிக்கொள்கின்றன. தெரிந்து செய்தாயா, தூக்கக் கலக்கத்தில் செய்தாயா தெரியவில்லை. உங்கள் தொழிலில் முட்டிக்கொள்வதும் அழகு என்பீர்கள். நான் திருத்தவில்லை, பென்சிலில் வட்டம் போட்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "உங்க தம்பி பாட்டு எழுதறாரா?" என்றாள். "இல்ல, யாரோ எழுதின பாட்டுல யார் எப்ப வாயை மூடிட்டு இருக்கணும்னு எழுதறான்" என்றேன். தப்பாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

மேலும் அனுப்புவதாக இருந்தால் அனுப்பு. வேலைக்காக வேலை. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்றெல்லாம் கேட்காதே, நானும் கேட்க மாட்டேன். அம்மாவை எடுத்து, எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டியபிறகு பெட்டியும் கையுமாக வந்து நின்றாயே, அன்றைக்கே அந்தக் கேள்விகள் நமக்குள் தீர்ந்துபோயின. நான் அடித்த தந்தி மறுநாள்தான் கிடைத்தது என்றாய். தபாலாபீசோடு நான் சண்டை போட முடியாது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

நாற்பத்தொன்று தூக்கக் கலக்கம்தான். ஒத்திகையில் மேஜர் உன் பென்சில் வட்டத்தைத் தாளோடு தூக்கிக் காட்டி, "இந்த அம்மாவை முன்னாடியே பிடிச்சிருக்கக் கூடாதா?" என்றார். பதினான்கு பேரும் கை தட்டினார்கள். உனக்குத்தான் தட்டினார்கள், அதனால் சொல்கிறேன்.

ஒத்திகை ஒரு பழைய கிடங்கில். முன்பு காகிதம் அடுக்கிய இடம். சுவரெல்லாம் தூசி, ஆனால் சத்தம் நன்றாக உட்காரும். என் முதல் டிராம்போனுக்குப் பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒருவன் இரண்டாம் டிராம்போன் ஊதுகிறான். கண்ணாடியின் தடிமனால் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறோம். முப்பது வயதுதான், ஆனால் ஊதுகிறபோது அவசரமே கிடையாது. எனக்கு அந்த வயதில் எல்லாவற்றுக்கும் அவசரம். கப்பலில் வாசிக்கும் குழுவில் இரண்டு வருடம், ஓட்டல் ஓட்டலாக நாலு வருடம் என்று ஓடி, மேஜரிடம் வந்து சேர்ந்தபோதுதான் நின்றேன். அதுவும் பதினாறு வருடமாகிவிட்டது.

மூன்று பாட்டுகள் அனுப்புகிறேன். நீ கேட்கக்கூடாது என்றதை நான் கேட்கவில்லை, கவனித்தாயா?

தம்பி


மே 17

தம்பிக்கு,

ஏழாவது பாட்டும் முடிந்தது. இந்தத் தடவை வேலையைப் பற்றியே ஒன்று கேட்க வேண்டும். வேலைக் கேள்விதான்.

ஜனவரியில் வந்த தாளில் உன்னுடைய முதல் டிராம்போன் மேலே மேலே ஏறி, சுரம் எழுதும் ஐந்து கோடுகளையும் தாண்டி, நான் கூடுதல் கோடு போட்டு எழுத வேண்டியிருந்தது. பிப்ரவரியில் வந்த மூன்றில் ஒன்றில்தான் அப்படி. மார்ச்சில் ஒன்றிலும் இல்லை. ஏப்ரலில் உன் சுரமெல்லாம் நடுக்கோட்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டன. இப்போது வந்திருப்பதில் தனியாக ஊதும் பதினாறு கட்டமும், முதலில் உன் பெயருக்கு எழுதி, சுரண்டி, மேலே "இரண்டாம் டிராம்போனுக்கு" என்று மாற்றியிருக்கிறாய். பிளேடால் சுரண்டியிருக்கிறாய், தாள் ஓட்டையாகிவிட்டது.

ஒரே ஆற்றைப் பத்து வருட இடைவெளியில் இரண்டு முறை வரைந்திருக்கிறேன். தண்ணீர் வற்றியதை யாரும் வந்து எனக்குச் சொல்லவில்லை. கோடு சொன்னது.

என்ன ஆயிற்று?

அக்கா


மே 28

அக்கா,

ஒன்றும் ஆகவில்லை. சோடாபுட்டி முன்னுக்கு வர வேண்டிய பையன், அவனுக்கும் நாலு பேர் முன்னால் நின்று வாசிக்க இடம் கொடுக்க வேண்டாமா? நான் ஊதியது போதும் என்று எனக்கே தோன்றியது. எழுதுவதில்தான் இப்போது மனசு இருக்கிறது.

அடுத்த பாட்டு இத்துடன். சுரண்டாமல் எழுதியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

பூசி மெழுகாதே.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் இரண்டு வார்த்தையை மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்கிறேன்.

மேல் வரிசையில் முன்பல் இரண்டும் போன வருடமே ஆட ஆரம்பித்துவிட்டன. டிராம்போன் ஊதுகிறவனுக்கு உதடு உதடு என்பார்கள். அந்த உதடு சாய்ந்து நிற்கும் சுவர் பல்தான். சுவர் ஆடினால் மேல் சுரம் போகும், பிறகு நடு சுரம். மார்ச் மாதம் பல் வைத்தியரிடம் போனேன். எலும்பே கரைந்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். "செயற்கைப் பல்லு வெச்சிடலாம். சாப்பிடறதுக்கும் பேசறதுக்கும் ஒரு கஷ்டமும் இருக்காது."

"ஊதறதுக்கு டாக்டர்?"

"எதை? பலூனையா?"

அவர் மேல் தப்பில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரலில் எடுத்தார்கள். மே முதல் வாரம் ஓர் ஓட்டலில் மாலை நேர நிகழ்ச்சி. தனியாக ஊதும் பதினாறு கட்டத்துக்கு எழுந்து நின்றேன். மூன்றாவது கட்டத்தில் காற்று கடைவாய் வழியாக ஓடிவிட்டது. கெட்டிலில் வருகிற சத்தம் மாதிரி ஒரு சீழ்க்கை. முன்மேஜையில் கோப்பையைத் தூக்கிய ஒருவர் தூக்கியபடியே என்னைப் பார்த்தார். சோடாபுட்டி என் பக்கம் திரும்பவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் விட்ட சுரத்தை எடுத்து, பதினாறையும் முடித்தான். யார் கண்ணுக்கும் அது விபத்தாகத் தெரிந்திருக்காது. பிறகு குழுவில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜர் மட்டும், "கோட் புதுசா?" என்று கேட்டார். ஆறு வருடப் பழைய கோட்.

அன்றைக்கே சுரண்டினேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊத முடியாதவனாக அறையில் உட்கார்ந்திருக்கும்போது எதற்காக இத்தனை நாள் ஊதினேன் என்று யோசனை ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் டிரம்பெட் எல்லாம் தீர்ந்து, அலமாரியில் நசுங்கிக் கிடந்த டிராம்போனை நான் தூக்கிக்கொண்டு வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? மாடியிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து எல்லாம் சண்டைக்கு வந்தார்கள். அம்மா இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு காய் நறுக்கினாள். ஒரு நாளும் நிறுத்து என்று சொன்னதில்லை.

அக்கா, அந்தத் தந்தி மறுநாள் வரவில்லை. அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். "அம்மா கவலைக்கிடம் உடனே புறப்படு." ஒரு மணிக்கு ரயில். மாலை ஆறு மணிக்கு வானொலியில் நேரடி நிகழ்ச்சி. நான் பிரித்து எழுதிய பாட்டு முதல் முறையாக வானொலியில் வரப்போகிறது, நடுவில் பதினாறு கட்டம் நானே ஊதப்போகிறேன். தந்தியை மடித்து வாத்தியப் பெட்டிக்குள் வைத்தேன். அம்மாவுக்கு முன்பும் இரண்டு தடவை இப்படி ஆகித் தேறினாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊதினேன். அன்றைக்கு ஊதியதுபோல அதற்கு முன்பும் ஊதியதில்லை, பின்பும் இல்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

மறுநாள் வந்தது அம்மா போய்விட்டாள் என்ற இரண்டாவது தந்தி. அதைத்தான் உன்னிடம் காட்டி, முதல் தந்தியும் அதோடுதான் வந்தது என்றேன்.

தம்பி


செப்டம்பர் 20

அக்கா,

ஆகஸ்டில் அனுப்பிய தாள்கட்டு இன்று திரும்பி வந்தது. நான் போட்ட முடிச்சுகூட அவிழவில்லை. புரிந்துகொண்டேன்.

மேஜர் வேறொருவரை ஏற்பாடு செய்திருக்கிறார். அழகான எழுத்து, எல்லாம் தப்பு. ஒத்திகையில் பாதி நேரம் தாளைத் திருத்துவதில் போகிறது. நான் இப்போது ஊதுகிறவர்களோடு உட்காருவதில்லை. கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். குழுவிலிருந்து என்னை யாரும் விலக்கவில்லை, நல்ல மனிதர்கள். நாற்காலி மட்டும் தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி


நவம்பர் 30

தம்பிக்கு,

திட்டு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். முதல் வரி வந்ததும் கை நின்றுவிடும். ஏனென்றால் அந்த மாலையில் நடந்ததில் என் பங்கும் ஒன்று இருக்கிறது. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஆறு மணிக்கு வானொலியைப் போட்டது நான்தான். நீ ஊதப்போவது எனக்குத் தெரியும், அதற்கு முன் வந்த கடிதத்தில் எழுதியிருந்தாய். தந்தி கிடைத்துக் கிளம்பியிருப்பாய், உன் இடத்தில் வேறு யாராவது ஊதுவார்கள், பாட்டாவது அம்மா காதில் விழட்டும் என்று நினைத்தேன். அம்மா மத்தியானத்திலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "பக்கத்துலயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தப் பதினாறு கட்டம் வந்தது. இரண்டாவது மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்தாள்.

"இவன்தானே?" என்றாள்.

வானொலியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"அங்க ஊதிட்டிருக்கானே. நீ சொல்லலையா அவனுக்கு?"

"சொல்லிட்டேம்மா. இது முன்னாடியே பதிவு பண்ணி வெச்சது. அவன் ரயில்ல வந்துட்டிருக்கான்."

"எத்தனை மணிக்கு வருவான்?"

"காலையில ஆறு மணிக்கு."

அம்மா தலையை ஆட்டினாள். அதன் பிறகு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஏழரை மணிக்குப் போய்விட்டாள். கண் மூடவில்லை, நான்தான் மூடினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு தடவை அல்ல. ஒரு மணி ரயிலை நீ பிடித்திருந்தாலும் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் வந்திருப்பாய். அம்மாவை உயிரோடு பார்த்திருக்க மாட்டாய். அதனால் என்ன குடிமுழுகிவிட்டது என்று நீ கேட்கலாம். நீ கேட்க மாட்டாய், நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் இதுதான்: நீ ரயிலில் இருந்திருந்தால் நான் அம்மாவிடம் கடைசியாகச் சொன்னது நிஜமாக இருந்திருக்கும்.

தந்தி உன் கைக்கு நேரத்தில் கிடைக்கவில்லை என்று நம்பிய வரைக்கும் அந்தப் பொய்யை என்னால் தூக்க முடிந்தது. அவனுக்கே தெரியாது பாவம், நான் அவனுக்காகச் சொன்னேன் என்று இருந்தேன். ஜூலையில் உன் கடிதத்தைப் படித்தபோது அது கை நழுவிவிட்டது. நான் உனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நீ தெரிந்தே அங்கே நின்றிருக்கிறாய். அதனால்தான் கட்டை அவிழ்க்காமல் திருப்பினேன்.

உன் பல் போனது எனக்குச் சந்தோஷமில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேண்டும் இவனுக்கு என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

இந்தக் கோபத்தை இனித் தபாலில் அனுப்ப என்னால் முடியாது. நேரில் வந்து வாங்கிக்கொள். டிசம்பரில் எனக்குப் பத்து நாள் விடுப்பு இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

டிசம்பரில் உன்னிடமிருந்து திரும்பும்போது ரயிலில் நீ கட்டிக்கொடுத்ததைச் சாப்பிட்டேன். மெத்தென்று கடிக்கத் தோதாகத்தான் எல்லாம் வைத்திருந்தாய், ஒன்றும் சொல்லாமல்.

முதல் மூன்று நாள் நீ பேசியதை நான் மறக்கவில்லை. மறக்கச் சொல்லி நீயும் சொல்லவில்லை. பதில் பேச வாய் திறந்தபோதெல்லாம், "இரு, இன்னும் முடியலை" என்றாய். நாலாம் நாள் காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்று சொன்னாயே, எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நீ பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாய். மன்னித்தாயா என்று எனக்குத் தெரியாது. கேட்க மாட்டேன்.

வந்ததும் மேஜரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், இனி எழுதுவது மட்டும்தான் என்று. "எனக்குத் தெரியும்யா, நீ சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார். டிராம்போனைச் சோடாபுட்டியிடம் கொடுத்தேன். அவனிடம் இருப்பது இதைவிட நல்லது. ஆனாலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டான்.

நேற்று மாலை நகர மண்டபத்தில் நிகழ்ச்சி. டிசம்பரில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீ பிரதி எடுத்துக்கொடுத்த அந்தப் பாட்டுதான் கடைசி. மேடை ஓரத்தில் நிற்பதாக இருந்தேன். மேஜர் ஒரு டிக்கெட்டைக் கையில் திணித்து ஏழாவது வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டார்.

ஊதுகிறவன் தன் குழுவைக் கேட்டதே கிடையாது, அக்கா. பக்கத்து ஆளின் மூச்சு, முன்னால் இருப்பவன் முதுகு, அவ்வளவுதான் அவனுக்குக் கிடைப்பது. இத்தனை வருடத்தில் நேற்றுதான் முதல் தடவையாக எதிரே உட்கார்ந்து கேட்டேன். நான் எழுதியது எனக்கே அடையாளம் தெரியவில்லை. தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதெல்லாம் அங்கே ஒரே அலையாக வந்தது.

பதினாறு கட்டத்துக்குச் சோடாபுட்டி எழுந்தான். ஆறாவது கட்டத்தில், நானாக இருந்தால் மூச்சு வாங்காத இடத்தில், நின்று மூச்சு வாங்கினான். சுருக்கென்றது. அடுத்த சுரம் வந்த பிறகுதான் புரிந்தது, அந்த இடத்தில் அப்படித்தான் நிற்க வேண்டும். நான்தான் இத்தனை நாளும் இப்படிப்பட்ட இடத்திலெல்லாம் நிற்காமல் ஓடியிருக்கிறேன்.

மண்டபம் முழுக்க எழுந்து கை தட்டியது. பக்கத்து இருக்கையில் வயதான ஓர் அம்மாள். தட்டி ஓய்ந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க மட்டும் தட்டவே இல்லையே. பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கும்மா."

"அப்புறம்?"

"கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை" என்றேன்.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் கைப்பையை என் மடியில் வைத்து, "அப்போ இதைப் பிடிச்சுக்குங்க, நான் கோட்டைப் போட்டுக்கறேன்" என்றார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு முடிக்கும்வரை, மேடையில் தாள்களைப் பொறுக்கி விளக்கை அணைக்கும்வரை, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தம்பி